இணைபிரியாப் பறவைகள்: ஒரு நம்பிக்கையின் வரலாறு

மனிதன் தன் வாழ்வுக்கு வேண்டிய அறங்களை விலங்கினத்திடமும் பறவையினத்திடமும் தேடிக் காண்பது பன்னெடுங்கால வழக்கமாகும். எறும்பினிடம் சுறுசுறுப்பையும், காக்கையினிடம் பகிர்ந்துண்ணும் பண்பையும், நாயினிடம் நன்றியறிதலையும் கண்டு, அவற்றைத் தன் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லி வந்தான். இல்லறத்தின் உயிர்நாடியாகிய பிரியாமைக்கு எடுத்துக்காட்டுத் தேடிய பொழுது அவன் கண்கள் பறவை இணைகளின்மேற் சென்றன. சங்கப் புலவர்கள் அன்றிலையும் மகன்றிலையும் பிரிவாற்றாமைக்கு அடையாளமாக்கினர். மலாய் மக்கள் மாறா அன்புடைய இருவரை ‘மெர்பாத்தி டுவா செஜோலி’, அதாவது இணைப்புறாக்கள், என்று இன்றும் வழங்குகின்றனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே, புறாக்கள் தம் துணையை எளிதில் விட்டகலா என்று தம் விலங்கியல் நூலில் எழுதி வைத்தார். நாடும் மொழியும் வேறாயினும் நம்பிக்கை ஒன்றாகவே இருந்தது.

இந்நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளர்ந்தது. அதைத் தளர்த்தியவர் ஒருவரல்லர். ஒரே நாட்டினரும் அல்லர். சாணத்தில் மொய்க்கும் ஈக்களை ஆராய்ந்தவரும், பயிரை அழிக்கும் பறவைகளைக் கட்டுப்படுத்த முயன்றவரும், மனிதரின் மரபணுவைப் படமாக்க முனைந்தவரும் தத்தம் வழியே சென்று ஒரே முடிவை வந்தடைந்தனர். கூடி வாழ்வது வேறு, பெற்றெடுத்த குஞ்சுக்குத் தந்தையாக இருப்பது வேறு என்பதே அம்முடிவாகும். அஃது எவ்வாறு தெளிவாயிற்று என்பதையும், அதனால் மனித அறத்துக்கு நேர்வது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

பாதிரியார் போற்றிய சிறுகுருவி

ஆங்கில நாட்டின் யார்க்ஷயர் பகுதியில் திருச்சபைப் பணியாற்றிய பிரான்சிஸ் ஓர்பன் மோரிஸ் என்பார், 1851 முதல் 1857 வரையில் பிரித்தானியப் பறவைகளைப் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். அந்நூலில் அவர் பெரிதும் பாராட்டிய பறவைகளுள் ஒன்று டன்னக் எனப்படும் சிறுகுருவி. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறமுடையது, வேலிப் புதர்களின் அடியில் ஓசையின்றி இரை தேடுவது, பகட்டில்லாதது. இக்குருவியின் அடக்கத்தையும் எளிமையையும் மேல்நிலை மாந்தரும் பின்பற்றலாம் என்று அப்பாதிரியார் எழுதினார். அவர் காலத்து மக்கள் பறவைகளை நோக்கிய முறைக்கு இஃது ஒரு நல்ல சான்றாகும்.

சார்லஸ் டார்வின் 1871ஆம் ஆண்டில் மனிதனின் தோற்றத்தையும் பாலினத் தேர்வையும் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். ஆண்கள் தமக்குள் போட்டியிடுகின்றன. பெண்கள் அவற்றுள் சிறந்ததைத் தேர்கின்றன. மயிலின் தோகையும் மானின் கொம்பும் இவ்வாறு வளர்ந்தவையே என்று அவர் விளக்கினார். ஆயினும் பெண் ஒரு துணையைத் தேர்ந்தவுடன் போட்டி முடிந்துவிடுகிறது என்றே அவரும் அவர் வழி வந்தோரும் பெரும்பாலும் கருதினர். திருமணத்தோடு கதையை முடிக்கும் நாடக ஆசிரியரைப் போல, கூடு கட்டத் தொடங்கிய பின் நடப்பதை எவரும் ஐயுறவில்லை.

1968ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர் டேவிட் லாக், பறவைகளின் இனப்பெருக்க முறைகளைத் தொகுத்து ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். பறவையினங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டவை ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இணைந்து வாழ்வன என்று அவர் கணக்கிட்டார். அதற்கு அவர் கூறிய காரணமும் பொருத்தமானதே. குஞ்சு பொரித்தபின் இடைவிடாது இரை கொணர வேண்டும். ஒரு பறவையால் அஃது இயலாது. இருவர் உழைத்தால்தான் குஞ்சுகள் பிழைக்கும். லாக் எண்ணிய இணைகள் உண்மையானவை. ஆனால் அவ்விணைகள் வளர்த்த குஞ்சுகள் யாருடையவை என்ற வினாவை அக்காலத்தில் எழுப்பவும் விடை காணவும் கருவியில்லை.

சாணத்து ஈக்கள் கற்பித்த பாடம்

அவ்வினாவுக்கான முதல் திறவுகோல் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. 1960களில் ஆங்கிலேய ஆய்வாளர் ஜெஃப்ரி பார்க்கர், மாட்டுச் சாணத்தில் முட்டையிடும் மஞ்சள் ஈக்களைப் பிரிஸ்டலுக்கு அருகிலுள்ள மேய்ச்சல் நிலங்களில் பொறுமையோடு கவனித்தார். பெண் ஈ முட்டையிடச் சாணத்துக்கு வரும். ஆண் ஈக்கள் அங்குக் கூட்டமாகக் காத்திருக்கும். இணைசேர்ந்த ஆண் உடனே பறந்துவிடுவதில்லை. பெண் முட்டையிட்டு முடிக்கும் வரையில் அதன்மேல் நின்று, நெருங்கும் பிற ஆண்களை விரட்டுகிறது.

இக்காவல் எதற்காக? பார்க்கர் சில ஆண் ஈக்களைக் கதிர்வீச்சினால் மலடாக்கி, ஒரே பெண்ணோடு அவற்றையும் இயல்பான ஆண்களையும் மாறிமாறி இணையச் செய்தார். பொரியும் முட்டைகளையும் பொரியா முட்டைகளையும் எண்ணியபோது, கடைசியாக இணைந்த ஆணே ஏறத்தாழ 80 விழுக்காடு முட்டைகளைக் கருவுறச் செய்கிறது எனத் தெரிந்தது. ஆகவே, காவலை விட்டுச் செல்லும் ஆண் தன் பங்கின் பெரும்பகுதியை இழக்கும். ஆண்களுக்கிடையிலான போட்டி இணைசேர்க்கையோடு முடிவதில்லை. பெண்ணின் உடலுக்குள்ளும் விந்துகளின் போட்டியாக அது தொடர்கிறது. 1970ஆம் ஆண்டில் பார்க்கர் வெளியிட்ட இக்கருத்தே ‘விந்துப் போட்டி’ என்னும் புதிய ஆய்வுத் துறைக்கு அடித்தளமாயிற்று. துணைக் காவல் என்னும் நடத்தை ஏன் தோன்றியது என்பதற்கு முதன்முதலாகத் தெளிவான விளக்கமும் கிடைத்தது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் டிரிவர்ஸ் இச்சிந்தனையை இணைவாழ் விலங்குகளுக்கும் விரித்தார். ஒரு துணையோடு குடும்பம் நடத்தி அதன் குஞ்சுகளை வளர்க்கும் ஆண், வாய்ப்பு நேரும்போது பிற பெண்களோடும் இணையுமாயின், கூடுதல் உழைப்பின்றியே கூடுதல் சந்ததியைப் பெறும் என்று அவர் வாதிட்டார். அவ்வாறாயின் ஒவ்வோர் ஆணும் ஒரே காலத்தில் இரண்டு வேடம் தாங்குகிறது. தன் கூட்டில் அது காவற்காரன். அடுத்த கூட்டில் அதுவே கள்வன்.

இக்கருத்து ஏட்டளவில் நின்றபோது, எதிர்பாராத சான்று ஒன்று வந்தது. அமெரிக்காவில் செந்தோள் கரும்பறவைகள் பயிர்களுக்குச் சேதம் விளைவிப்பவை. ஓர் ஆண் பல பெண்களோடு ஓர் எல்லைக்குள் வாழும் இனம் அது. எல்லைக்குரிய ஆண்களுக்கு அறுவை செய்து மலடாக்கினால் அவற்றின் பெருக்கம் குறையும் என ஆய்வாளர் சிலர் எண்ணினர். அறுவை நடந்தது. ஆயினும் அவ்வாண்களின் எல்லைக்குள் இருந்த கூடுகள் பலவற்றில் முட்டைகள் வழக்கம்போல் பொரித்தன. 1975ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியானது. பூச்சியும் பறவையும் கூறிய செய்தி ஒன்றாக இருந்தமையால், அறிஞர்கள் இணைவாழ் பறவைகளின் பக்கம் தம் தொலைநோக்கிகளைத் திருப்பினர்.

காவலின் கணக்கு

துணைக் காவலை விளங்கிக்கொள்ளப் பறவையின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். சிறுபறவைகள் பல நாளுக்கு ஒரு முட்டையாக இடுகின்றன. ஒவ்வொரு முட்டையும் இடப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே கருவுறுகிறது. பெண்ணின் உடலில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் உண்டு. அவற்றில் விந்து பல நாட்கள் உயிரோடு இருக்கும். ஆகவே முதல் முட்டைக்குச் சில நாட்களுக்கு முன் தொடங்கி, கடைசி முட்டைக்கு முந்தைய முட்டை இடப்படும் வரையில் உள்ள சிறுகாலமே ஆணுக்கு இடர் மிகுந்த காலம். காவல் பயன்தர வேண்டுமாயின் அந்நாட்களில்தான் அது வேண்டும்.

1979ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதை மெய்ப்பித்தன. இங்கிலாந்தில் டிம் பர்க்ஹெட், மேக்பை எனப்படும் கருப்பு வெள்ளை நிறக் காக்கையினப் பறவைகளை ஆராய்ந்து, இக்காலத்தில் ஆண் தன் துணையை விட்டு விலகாமல் உடன் திரிகிறது எனக் காட்டினார். அமெரிக்காவில் மைக்கேல் பீச்சரும் இன்கர் பீச்சரும், ஆற்றங்கரை மண்சுவரில் வளை குடைந்து கூட்டமாக வாழும் தகைவிலான் குருவிகளைக் கவனித்தனர். பெண் வளையை விட்டுப் பறக்கும் ஒவ்வொரு முறையும் ஆண் அதன் பின்னே பறக்கிறது. பிற ஆண்கள் துரத்தினால் இடையே புகுந்து தடுக்கிறது. பெண் முட்டையிட்டு முடித்தவுடன் அவ்வாணே காவலைக் கைவிட்டு, இன்னும் முட்டையிடாத அயற்பெண்களைத் துரத்தத் தொடங்குகிறது. டிரிவர்ஸ் உரைத்த இரட்டை வேடம் மண்சுவரின் முன்னே ஒரே ஆணிடம் ஒரே பருவத்தில் வெளிப்பட்டது. பறவைகள் உடன் பறப்பதைக் கண்டு காதலென மகிழ்ந்தோர், அதில் ஐயமும் கலந்திருப்பதை அன்று அறிந்தனர்.

எல்லாப் பறவைகளாலும் உடன் திரிய முடிவதில்லை. வேட்டைப் பறவைகளில் ஆண் தொலைவு சென்று இரை கொணர வேண்டும். பெண் கூட்டினருகே காத்திருக்கும். இத்தகைய இனங்களில் காவலுக்கு ஈடாக மற்றொரு முறை வளர்ந்துள்ளது. கோஷாக் என்னும் வேட்டைப் பருந்தின் இணை ஒரு முறை முட்டையிடும் காலத்துக்குள் சில நூறு தடவை இணைகிறது. பிற ஆணின் விந்து உட்புகுந்தாலும் தன் பங்கே மிகுதியாக இருக்க வேண்டும் என்பதே இதன் பயன்.

காவலுக்கு விலையும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் செஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்த கசின் தீவில் வாழும் ஒரு கதிர்க்குருவி இதற்கு மிகச் சிறந்த சான்றளித்தது. 1960களில் உலகிலேயே 30க்கும் குறைவாக எஞ்சியிருந்த இவ்வினம், பாதுகாப்பினால் மீண்டு பெருகியது. நெதர்லாந்து ஆய்வாளர் யான் கோம்டர் பல்லாண்டுகளாக இவற்றை ஆராய்ந்தார். பெண் பெரும்பாலும் ஒரே முட்டையிடும் இனமாதலால், கூட்டில் முட்டை கண்டவுடன் ஆண் காவலை நிறுத்திவிடுகிறது. இதை அறிந்த கோம்டரும் உடனாய்வாளரும், பெண் முட்டையிடும் முன்னரே கூட்டில் ஒரு பொய்முட்டையை வைத்தனர். ஆண் ஏமாந்து காவலை விட்டது. உடனே அயலாண்கள் அடிக்கடி எல்லைக்குள் புகுந்தன. துணை கடந்த இணைவுகளும் மிகுந்தன. 1999ஆம் ஆண்டில் வெளியான இச்சோதனை, காவல் உண்மையிலேயே பயன்தருகிறது என்பதை நிலைநாட்டியது. 2001ஆம் ஆண்டில் கோம்டர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, காவல் காக்கும் ஆண் இரை தேடும் நேரத்தை இழந்து மெலிகிறது என்றும், அண்டையில் ஆண்கள் மிகுந்தால் காவலும் மிகுகிறது என்றும் காட்டியது. இத்தனை காவலுக்குப் பின்னரும் அத்தீவின் குஞ்சுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குத் தந்தை வேறு ஆண் என்பது மரபணுச் சோதனையால் தெரிந்தது.

குருதி அளித்த சாட்சி

கண்ணால் காண்பது சாட்சியாகலாம்; தீர்ப்பாகாது. அயலாணோடு பெண் இணைவதைக் கண்டாலும் குஞ்சு யாருடையது என்று கண்ணால் கூற இயலாது. 1984ஆம் ஆண்டில் பெட்ரீஷியா கௌவாட்டி என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர், மற்றொருவருடன் சேர்ந்து, கீழை நீலப்பறவைகளின் புரதங்களைப் பிரித்து ஆராய்ந்தார். ஒரே கூட்டில் வளரும் குஞ்சுகள் எல்லாம் அக்கூட்டுக்குரிய பெற்றோரின் மக்களாக இருப்பதில்லை என்று அவர் காட்டினார். எனினும் புரதச் சோதனை சில குஞ்சுகளைத்தான் பிரித்துக் காட்டியது. பலவற்றில் ஐயம் எஞ்சியது.

அதே ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், ஒவ்வொருவரின் டி.என்.ஏ.யும் தனக்கே உரிய கோட்டு வரிசையாகப் படத்தில் தோன்றுவதைக் கண்டார். கைரேகையைப் போன்று ஆளுக்கு ஆள் வேறுபடும் இவ்வரிசை ‘மரபணு ரேகை’ எனப் பெயர் பெற்றது. குடியேற்ற வழக்குகளிலும் குற்ற வழக்குகளிலும் அது புகழடைந்தது. பிள்ளையின் ரேகையில் காணும் ஒவ்வொரு கோடும் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்ததாக இருத்தல் வேண்டும். இருவரிடமும் இல்லாத கோடுகள் பல தோன்றுமாயின் தந்தை வேறொருவர் என்பது தெளிவு. 1987ஆம் ஆண்டில் டெர்ரி பர்க், மைக்கேல் புரூஃபோர்டு ஆகியோர் இம்முறையை ஊர்க்குருவிகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். குஞ்சிடமிருந்து எடுத்த ஒரு துளிக் குருதி, காலங்காலமாகக் கூட்டினுள் மறைந்திருந்த செய்தியை வெளிப்படுத்தியது.

இனி, மோரிஸ் பாதிரியார் போற்றிய டன்னக் குருவிக்குத் திரும்பலாம். 1980களில் நிக் டேவிஸ் என்பார் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தாவரத் தோட்டத்தில் இக்குருவிகளின் கால்களில் வண்ண வளையங்கள் இட்டு, ஒவ்வொன்றின் நடமாட்டத்தையும் குறித்தார். சில குருவிகள் ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்தன. சில ஆண்களுக்கு இரு துணைவியர் இருந்தனர். பல பெண்களோ இரண்டு ஆண்களோடு வாழ்ந்தன. மூத்த ஆண் பெண்ணை விடாது காக்கும். பெண் புதரினுள் நழுவிச் சென்று இளைய ஆணோடும் இணையும். இணைவதற்கு முன் ஆண் தன் அலகால் பெண்ணின் பின்புறத்தைக் கொத்தி, முன்னர்ப் பெற்ற விந்தை வெளியேற்றச் செய்வதையும் டேவிஸ் கண்டார். 1989ஆம் ஆண்டில் பர்க்கும் அவரும் உடனாய்வாளரும் மரபணு ரேகை கொண்டு ஆராய்ந்தபோது, பெண்ணோடு இணையும் வாய்ப்பைப் பெற்ற இளைய ஆண் குஞ்சுகளுக்குத் தந்தையாவதும், தான் பெற்ற வாய்ப்புக்கு ஏற்பவே இரை கொணர்வதும் உறுதியாயின. இரண்டு ஆண்களும் ஊட்டும் கூட்டில் உணவு மிகுதி. ஆகவே பெண் இருவரோடும் இணைவது குஞ்சுகளின் வயிற்றுக்கு வழிசெய்யும் செயலாக முடிகிறது.

டன்னக் குருவி தனித்த ஒரு விந்தையன்று என்பதும் விரைவில் விளங்கியது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஃபேரிரென் எனப்படும் நீலநிறச் சிறுகுருவியை ஆராய்ந்த ரவுல் முல்டர், ஆண்ட்ரூ காக்பர்ன் முதலியோர் 1994ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஆண்டுதோறும் அதே துணையோடு அதே எல்லையில் வாழும் இக்குருவியின் குஞ்சுகளில் 76 விழுக்காட்டுக்குத் தந்தை அக்குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆண். 2002ஆம் ஆண்டில் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்ட பறவையினங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் துணை கடந்த தந்தைமை காணப்பட்டது. இணைவாழ் இனங்களில் சராசரியாக நூற்றுக்குப் பதினொரு குஞ்சுகளுக்கு மேல் அயலாணின் குஞ்சுகளாக இருந்தன. லாக் 1968இல் எண்ணிய இணைகள் அப்படியே நிற்க, அவற்றின் பொருள் மாறிவிட்டது.

மறக்கப்பட்ட பெண்

இவ்வாய்வு வரலாற்றில் கூர்ந்து நோக்கத்தக்க குறையொன்று உண்டு. தொடக்க கால விளக்கங்களில் ஆணே தேடுவோன், ஆணே காப்போன், ஆணே கவர்வோன். பெண் காக்கப்படும் பொருளாகவே எழுதப்பட்டது. முட்டையிடும் உயிருக்கு விருப்பமும் கணக்கும் இருக்கக்கூடும் என்பதைக் கௌவாட்டி போன்ற பெண் ஆய்வாளர்கள் அழுத்தமாக எடுத்துரைத்தனர்.

பின் வந்த சான்றுகள் அவர்களுக்குத் துணை நின்றன. பெல்ஜியத்தில் பார்ட் கெம்பெனேர்ஸ் நீலப் பட்டாணிக்குருவிகளை ஆராய்ந்து, பெண்கள் தாமே நல்வலிமையுடைய அண்டை ஆண்களை நாடிச் செல்கின்றன என்று 1992ஆம் ஆண்டில் காட்டினார். ஃபேரிரென் குருவிகளில் பெண்ணின்மேல் சிறு வானொலிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, விடியலுக்கு முந்தைய இருளில் அது தன் எல்லையைக் கடந்து, தான் விரும்பிய ஆணின் எல்லைக்குச் சென்று திரும்புவது 2000ஆம் ஆண்டில் வெளியானது. துணைவன் துயிலெழுமுன் பயணம் முடிந்துவிடுகிறது. இக்குருவிக் குடும்பங்களில் குஞ்சு வளர்க்க உதவும் வேறு ஆண்களும் உண்டு. ஆதலின் துணைவன் ஊட்டுவதைக் குறைத்துக்கொண்டாலும் குஞ்சுகள் பட்டினி கிடப்பதில்லை. உதவியாளர் மிகுந்த பெண்ணே மிகுதியாக அயல் நாடுகிறது என்பதையும் முல்டர் குழுவினர் கண்டனர்.

இதனால் பெண் அடையும் நன்மை யாது என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை. நல்ல மரபணுவைத் தன் குஞ்சுகளுக்குத் தேடித் தருகிறது என்பார் ஒரு சாரார். கனடா நாட்டின் மாண்டார்ட்டே என்னும் சிறு தீவில் பாட்டுச் சிட்டுகளை நெடுங்காலம் பின்தொடர்ந்தவர்களோ, அயல் தந்தைக்குப் பிறந்த குஞ்சுகள் சிறந்து விளங்கவில்லை. பின்தங்கியும் இருந்தன என்று கண்டனர். எல்லாப் பறவைக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லையென்றே கொள்ளவேண்டியுள்ளது.

மலாயாக் காட்டின் இணைக்குரல்

பறவைகளில் பெரும்பான்மையாக உள்ள இணைவாழ்வு, பாலூட்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அச்சிறுபான்மையுள் புகழ்பெற்றவை இந்நிலப்பகுதிக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்குகளான ஊங்காவும் சியாமாங்கும் ஆகும். விடியற்காலையில் மலைக்காட்டில் ஆணும் பெண்ணும் மாறிமாறிக் குரலெழுப்பும் ஓசையைப் பாகாங் மாநிலத்தின் உட்பகுதி மக்கள் நன்கறிவர். டேவிட் சிவர்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1968 முதல் அங்குக் குவாலா லொம்பாட் பகுதியில் சியாமாங்குகளைப் பின்தொடர்ந்து, 1974ஆம் ஆண்டில் மலாயாவின் சியாமாங்குகளைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக நெருங்கி வாழும் அக்குடும்பத்தின் படம், மனிதக் குடும்பத்தின் மூல வடிவம் என்று பலரை எண்ணச் செய்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அப்படத்திலும் மாற்றம் நேர்ந்தது. சுமத்திராவின் கெத்தாம்பே காட்டில் ரயன் பாலம்பிட், 1994ஆம் ஆண்டில் சியாமாங்குப் பெண் அண்டைக் குழு ஆணோடு இணைந்ததைப் பதிவு செய்தார். மறு ஆண்டில் தாய்லாந்தின் காவ் யாய் காட்டில் உல்ரிக் ரைக்கார்டு ஊங்காக்களிடமும் அதையே கண்டார். துணை மாறுவதும் குழு மாறுவதும் நடப்பதும் தெரிந்தன. ஆயினும் இணைப்பாடல் நின்றுவிடவில்லை. அண்டையாருக்கு எல்லையை உணர்த்தவும் இணைப்பை உறுதி செய்யவும் அது தொடர்கிறது.

இணைவாழ்வு எப்படித் தோன்றியது என்னும் வினாவுக்கும் காவலே ஒரு விடையாக வந்துள்ளது. 2013ஆம் ஆண்டில் டீட்டர் லூக்காஸ், டிம் கிளட்டன்-பிராக் ஆகியோர் ஏறத்தாழ 2500 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டு, பெண்கள் தனித்தனியே சிதறி வாழ்ந்த இனங்களில்தான் இணைவாழ்வு தோன்றியது என்றனர். ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களைக் காக்க இயலாத ஆண், ஒன்றன் அருகே தங்கிவிட்டது. பிள்ளை பேணல் பின்னர் வந்த பண்பு என்பது அவர்கள் கொள்கை. அதே ஆண்டில் கிறிஸ்டஃபர் ஓப்பியும் உடனாய்வாளரும், குரங்கினங்களில் அயலாண்கள் குட்டிகளைக் கொல்வதைத் தடுக்கவே ஆண் உடன் தங்கியது என்று மறுகருத்து உரைத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆப்பிரிக்காவின் டிக்-டிக் என்னும் சிறுமான் முதற்கொள்கைக்கு நல்ல விளக்கம். ஆண் குட்டிகளைப் பேணுவதே இல்லை. ஆயினும் பெண்ணை விட்டு அகலாது. பெண் இட்டுச் செல்லும் மணக்குறிகளைத் தன் மணத்தால் மூடி, பிற ஆண்கள் அறியாதபடி செய்கிறது. மரபணுச் சோதனையில் குட்டிகள் அனைத்தும் அவ்வாணுடையவையாகவே இருந்தன. வெளித்தோற்றத்தில் உலகின் மிகச் சிறந்த இல்லறத்தான். உள்ளே நடப்பது ஓயாத காவல்.

உண்மையிலேயே பிறழாத இணைகளும் இல்லாமலில்லை. டேவிட் ரிபிள் 1991ஆம் ஆண்டில் ஆராய்ந்த கலிபோர்னியா எலியிலும், 1993ஆம் ஆண்டில் ஆராயப்பட்ட அமெரிக்கக் கருங்கழுகிலும் அயல் தந்தைமை காணப்படவில்லை. எலியின் குட்டிகளுக்குத் தாயும் தந்தையும் மாறிமாறி உடற்சூடு தரவேண்டும். கழுகினத்தில் இணைசேர்க்கை கூட்டினருகே மறைவில்தான் நிகழும். கூட்டத்தின் நடுவே முயல்வோரை உடனிருப்போர் தாக்குவர். ஒன்றில் பிள்ளையின் தேவையும், மற்றொன்றில் சுற்றத்தின் கண்டிப்பும் பிறழாமைக்குத் துணை நிற்கின்றன.

அறம் எங்கிருந்து வருகிறது?

இவ்வரலாறு கற்பிப்பது யாது? அன்றிலைப் பாடிய புலவர் பொய்யுரைத்தார் எனக் கொள்ளுதல் தவறு. அவர் பறவையின் குடும்பப் பதிவேட்டை எழுத முற்படவில்லை. மனித நெஞ்சின் பிரிவுத்துயருக்கு ஒரு குரலைத் தேடினார். அத்துயர் உண்மை, அதனால் பாட்டும் உண்மை. ஆனால் மோரிஸ் பாதிரியாரைப் போன்று, இயற்கையில் உள்ளதைச் சுட்டிக்காட்டி ஆகவே மனிதரும் இவ்வாறு நடத்தல் வேண்டும் என்று உரைப்பவர் உறுதியற்ற நிலத்தில் வீடு கட்டுகிறார். அவ்வாறு பறவையைக் காட்டி அடக்கம் உரைத்தபோது, அவ்வுரை பெரும்பாலும் பெண்களை நோக்கியே உரைக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது.

இதன் மறுபக்கத் தவறும் அதே அளவு ஆபத்தானது. பறவைகளும் குரங்குகளும் பிறழ்கின்றன; ஆகவே மனிதன் பிறழ்வதும் இயற்கையே என்று சாக்குக் கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். முன்னவர் இயற்கையை ஆசிரியராக்கினர்; பின்னவர் அதைத் தமக்கு வழக்கறிஞராக்குகின்றனர். டன்னக் குருவி எந்த உறுதிமொழியும் அளிக்கவில்லை. ஆதலின் அது எதையும் மீறவும் இல்லை. துரோகம் என்னும் சொல்லே வாக்களித்தோர் நடுவில்தான் பொருள் பெறும்.

திருக்குறளில் ‘பிறனில் விழையாமை’ என்றோர் அதிகாரம் உண்டு. பிறழாமை உடலோடு பிறந்த குணமாயின் அவ்வதிகாரம் எழுதப்பட வேண்டியதில்லை. பிறழவும் கூடியவன், பிறழாது நிற்கவும் வல்லவன் என்று மனிதனை மதித்தே வள்ளுவர் அதை இயற்றினார். செஷெல்ஸ் தீவின் கதிர்க்குருவி தன் துணையை நாள்முழுதும் காத்து மெலிகிறது. கூட்டிலே பொய்முட்டை ஒன்றைக் கண்டால் காவலை விட்டுவிடுகிறது. மனிதர் இருவர் கடல்கடந்து பிரிந்து வாழ்ந்தும், காவலென எவரும் இன்றியும், ஒருவரையொருவர் நம்பி ஆண்டுகளைக் கழித்த வரலாறு இந்நாட்டில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. அந்நம்பிக்கையை அவர்கள் எந்தப் பறவையிடமிருந்தும் கற்கவில்லை. தம் சொல்லுக்குத் தாமே காவலாக நின்று அதைக் காத்தனர்.